விண்டோஸின் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர் உலகெங்கும் கணினிகளை முடக்கிய 2017-ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில், நம்பகமற்ற மென்பொருள்கள் நம் முக்கியக் கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கும் இந்த வசதி அறிமுகமானது. ஆனால் இது தானாக இயங்காது. விண்டோஸ் செக்யூரிட்டி செயலிக்குள் ரான்சம்வேர் பாதுகாப்புப் பக்கத்தைத் தேடிச் சென்று நாமேதான் இயக்க வேண்டும். பலர் இதைக் கேள்விப்படாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகள் உடனே பாதுகாப்புக்குள் வந்துவிடுகின்றன. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியாது. என் கணக்குக் கோப்புகள் வேறு டிரைவில் இருந்ததால் அந்தக் கோப்புறையைத் தனியே சேர்த்தேன்.

தொல்லை தொடங்கியது அதன் பிறகுதான். பரவலாகப் புழங்கும் நம்பகமான மென்பொருள்களை விண்டோஸ் தானே அனுமதித்துவிடுகிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத பழைய கணக்கு மென்பொருளையோ அது சந்தேகத்துடனே பார்த்தது. தடுக்கப்பட்ட மென்பொருள் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. கண்ணெதிரே கோப்புறை இருக்கும்போதே "கோப்பு கிடைக்கவில்லை" என்று பிழைச்செய்தி காட்டுகிறது. கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் பதிவுகளில் 1123 என்ற எண்ணைத் தேடினால், எந்த மென்பொருள் எங்கே எழுத முயன்று தடுக்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும். அனுமதி கொடுத்த பிறகும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை மூடித் திறந்தால்தான் அது செல்லுபடியாகும். மேலும், அனுமதி அந்த மென்பொருள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதால், புதுப்பிக்கும்போதெல்லாம் பதிப்பு எண்ணோடு புதிய கோப்புறையில் போய் அமரும் மென்பொருள்களுக்கு ஒவ்வொரு முறையும் மறுபடி அனுமதி தர வேண்டியிருக்கிறது. இந்த எரிச்சலுக்கு இன்றுவரை நல்ல தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத வரும் மென்பொருள் நம்பத்தக்கதா என்பதை மட்டுமே இது பார்ப்பதால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நாமே கைதவறி அழிப்பதை இது தடுக்காது. கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பும் திருட்டு நிரலையும் இது நிறுத்தாது. மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் மட்டுமே தடை. ஆகவே வெளி வன்தட்டில் நகல் எடுக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. எடுத்து முடித்ததும் வன்தட்டைக் கழற்றிவிடுகிறேன்.

வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை முதன்மையாக வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது, ஏனெனில் டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கினால்தான் இதுவும் இயங்கும். அலுவலகக் கணினிகளில் இதை நிறுவுவோர், எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் நிலையில் சில வாரங்கள் ஓடவிட்டு, 1124 என்ற எண்ணில் சேரும் பதிவுகளைப் பார்த்து அனுமதிப் பட்டியலைத் தயாரித்துக்கொண்ட பின் முழுமையாக இயக்குவது நல்லது.