கப்ஸ்: நெட்வொர்க் பிரிண்டருக்குத் தாராளமாக நம்பலாம்

லினக்ஸிலிருந்து ஆபீஸ் பிரிண்டருக்கு அச்சிட கப்ஸ் (CUPS) என்ற அச்சு மென்பொருள் ஒன்றே போதும். 1999இல் வந்தது, இன்றும் அசையாமல் நிற்கிறது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 631க்குப் போய் பிரிண்டரைச் சேர்க்கலாம். ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது அச்சுத் தரம் உள்ள பிரிண்டருக்குத் தனி டிரைவர் வேண்டாம். பழையது என்றால் போர்ட் 9100, கூடவே பிரிண்டரின் வசதிகளை விவரிக்கும் சரியான பிபிடி (PPD) கோப்பு. டிரைவர் மாறிப்போனால் பக்கம் பக்கமாகக் கன்னாபின்னா எழுத்துதான் வரும்.

எரிச்சல் தருவது அச்சு வரிசை நின்றுபோவது. அனுப்பும்போது பிழை வந்தால் கப்ஸ் அதை நிறுத்திவிடும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் ஓடாது. 'கப்ஸ்எனேபிள்' (cupsenable) கட்டளையோடு வரிசையின் பெயரைக் கொடுங்கள். பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் எரர் பாலிசியை 'ரீட்ரை-ஜாப்' (retry-job) ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும். ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐபி ஒதுக்குவதும் அவசியம். விண்டோஸ் ஷேர் வழியாக அனுப்புவோர், முகவரியில் பாஸ்வேர்டின் @ குறியை %40 என்று எழுதவும்.