கார்னரா, களமா? டிராகன்ஸ் எதை நம்பி இறங்க வேண்டும்

2026 ஜனவரி 3 ஆம் தேதி ஆண்கள் ஹாக்கி இந்தியா லீக் எழும்பூரில் தொடங்குகிறது. போன சீசன் முழுக்க ராஞ்சி, ரூர்கேலா என்று டிவியிலேயே பார்த்துத் தீர்த்த நமக்கு, இந்த முறை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்திலேயே லீக் வருகிறது. அதனால் சென்னையில் நாலு ஹாக்கி ரசிகர்கள் சேர்ந்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. இந்த லீக்கில் நம் அணியான தமிழ்நாடு டிராகன்ஸ் எதை நம்பி ஆட வேண்டும்? கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள் (டி) எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரையா, ஓடி ஆடும் ஃபார்வர்டுகளையா, இல்லை பின்னால் இருக்கும் தடுப்பையும் கோல்கீப்பரையுமா?

போன சீசனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். முதல் வருடத்திலேயே அரையிறுதி வரை போனோம். அங்கே பெங்கால் டைகர்ஸுடன் ஆட்டம் சமனில் முடிந்து, ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்-அவுட்டில் கைவிட்டுப் போனது. அப்புறம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா கிளப்பிடம் தோற்று நான்காம் இடம். புது அணிக்கு இது மோசமில்லை. ஆனால் கோப்பைக்கு இவ்வளவு பக்கத்தில் போய்விட்டு வந்த வலி இருக்கிறதே, அதுதான் இந்தச் சண்டையெல்லாம் போட வைக்கிறது.

கார்னர் கட்சிக்காரர்களின் வாதம் பலமானது. 2024 ஏலத்தில் டிராகன்ஸ் நிர்வாகமே அவர்கள் பக்கம்தான் நின்றது. கார்னரில் பந்தை இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்கர், நெதர்லாந்தின் ஜிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தார்கள். காரணம் விதியிலேயே இருக்கிறது. கார்னரில் முதல் அடி ‘ஹிட்’ ஆக இருந்தால் கோல்போஸ்டின் பின்பலகை உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் டிராக் ஃபிளிக் ஹிட் கணக்கில் வராது. மட்டையின் தண்டில் பந்தை வைத்து இழுத்து எறிவதால் மேல் மூலைக்கும் போகலாம். எதிரே கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான், மற்ற எல்லோரும் நடுக்கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பெரிய அணியோ சின்ன அணியோ, அந்த ஓரிரு நொடிக்கு ஆட்டம் ஒரு ஃபிளிக்கருக்கும் ஐந்து பேருக்கும் நடுவில் சுருங்கிவிடுகிறது. நல்ல ஃபிளிக்கர் இருந்தால் மோசமாக ஆடிய நாளிலும் ஜெயிக்கலாம்.

இன்னொரு சாட்சி எழும்பூரிலேயே கிடைத்தது. 2025 டிசம்பர் 10, ஜூனியர் உலகக் கோப்பையின் வெண்கலப் பதக்க ஆட்டம். அர்ஜென்டினாவிடம் இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் அங்கித் பால், மன்மீத் சிங், சாரதா நந்த் திவாரி, அன்மோல் எக்கா என்று நான்கு பேர் வரிசையாக அடித்து 4-2. அந்த நான்கும் கார்னரிலும், கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்த கோல்கள். கார்னர் கட்சிக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு பேசினால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

சரி, எதிர்க்கட்சியின் வாதம் என்ன? கார்னர் தானாக வருவதில்லை. யாரோ ஒருவன் டி-க்குள் பந்தோடு புகுந்து, எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்து, அல்லது அவனைத் தப்பு செய்ய வைத்து வாங்கித் தர வேண்டும். புகுவதற்கு ஆள் இல்லாவிட்டால் 54 லட்ச ரூபாய் ஃபிளிக்கர் அறுபது நிமிடமும் பின்னால் நின்று டிஃபென்ஸ் ஆடிவிட்டுத்தான் போவார். என் மனம் இந்தப் பக்கம்தான்.

போன சீசன் இறுதி ஆட்டமே இதைச் சொல்லிவிட்டது. பெங்கால் டைகர்ஸின் ஜுக்ராஜ் சிங் மூன்று கோல் அடித்தார். கார்னர் கட்சி கொண்டாட வேண்டிய நாள். ஆனால் ஹைதராபாத் தூஃபான்ஸ் விடாமல் துரத்தி 3-3 ஆக்கியது. 54 ஆவது நிமிடத்தில் சாம் லேன் என்ற ஃபார்வர்டு அடித்த கோலில்தான் 4-3 என்று கோப்பை கைக்கு வந்தது. மூன்று கோல் அடிக்கும் ஃபிளிக்கர் இருந்தும், கடைசியில் ஆட்டத்தை முடித்து வைக்க ஒரு ஃபார்வர்டு வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்ட் 12 அன்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு எழும்பூர் கேலரியில் இருந்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3. கூட்டம் அடங்கிப் போயிருந்தது. மூன்றாவது கால் பகுதி முடியும் நேரம், 45 ஆவது நிமிடம். ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று போட்டார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குர்ஜந்த் சிங் எதிர்த் தாக்குதலில் இன்னொன்று. அதே நிமிடத்தில் 3-3. மலேசியக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். 56 ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் டி-யின் விளிம்பிலிருந்து அடித்த அடியில் 4-3. ஸ்ட்ரோக் கதவைத் திறந்தது உண்மை. வீட்டுக்குள் போனது ஆட்டத்தின் ஓட்டத்தில் அடித்த இரண்டு ஃபீல்டு கோல்கள்.

அந்தத் தொடரில் நம் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும் ஆடினார். மலேசியாவை லீக் ஆட்டத்தில் 5-0 என்று இந்தியா வென்றபோது முதல் கோல் அவருடையது. அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் ஒன்று. அதற்கு முந்தைய வருடம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்திலேயே கோல் அடித்துக் கணக்கைத் தொடங்கியவர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த ஆட்டம் அது. கோவில்பட்டி ஆட்டக்காரர்களைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்தை வாங்கும்போதே உடம்பைத் திருப்பிக்கொண்டு வாங்குவார்கள். நின்று வாங்கி, பார்த்து, அப்புறம் ஓடுவது கிடையாது. எதிர் டிஃபெண்டர் கால் மாற்றுவதற்குள் அரை அடி முன்னால் போய்விடுவார்கள். கார்னர் பிறப்பது அந்த அரை அடியில்தான்.

போன முறை டிராகன்ஸில் கார்த்தியோடு உத்தம் சிங்கும் இருந்தார், 2023 இல் ஜூனியர் ஆசியக் கோப்பையை வென்ற இந்திய அணியின் கேப்டன். இந்த மாதிரி இரண்டு பேர் அணியில் இருக்கும்போது, அவர்களை மாற்று ஆட்டக்காரர்களாக இடையிடையே இறக்கிவிட்டு, வெளிநாட்டு ஃபார்வர்டுகளுக்கே அதிக நேரம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு அணியில் எட்டு வெளிநாட்டு வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்த இடங்களைப் பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் அதிகம் செலவழித்தால், முன்னால் நம் பையன்களின் வேகத்துக்கு இடம் கிடைக்கும்.

கேலரியில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் அணிகளின் ஆட்டத்தைப் புல்தரைக் காலத்திலிருந்தே பார்த்து வந்த பெரியவர்கள், “தம்பி, எங்க காலத்துல பந்தை எடுத்துட்டுப் போறவன்தான் ஹீரோ. இப்ப என்னடான்னா கார்னர் வாங்கவே ஆடுறானுங்க” என்பார்கள். பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பையன், “சார், ஸ்கோர்போர்டுல எப்படி வந்துச்சுன்னா எழுதுறாங்க?” என்று திருப்பிக் கேட்பான். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பெரியவர் சொல்வது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். செயற்கைத் தரையில் இப்போது எல்லா அணிகளும் கார்னரைத் தடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. முகமூடியும் முழங்கால் பட்டையும் கட்டிக்கொண்டு ஃபிளிக்கரை நோக்கிப் பாய்ந்து வரும் முதல் ரஷ்ஷர் ஒழுங்காக ஓடினால், உலகத்தரமான ஃபிளிக்கின் பாதி வழி அடைபட்டுவிடும்.

இங்கேதான் தடுப்பை நம்பும் மூன்றாவது கட்சி வருகிறது. அவர்கள் குரல் சின்னது, ஆனால் ஒரு விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸை 2024 ஏலத்தில் 48 லட்சத்துக்கு எடுத்ததை நிறையப் பேர் அவருடைய ஃபிளிக்குக்காக என்று நினைக்கிறார்கள். அவருடைய உண்மையான மதிப்பு அந்த முதல் ஓட்டத்தில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி, ஜெர்மனியுடனான அரையிறுதிக்கு அவர் தடை செய்யப்பட்டார். அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோலை கோன்சாலோ பெய்யாட் கார்னரில்தான் போட்டார். இந்தியா 2-3 என்று தோற்றது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா என்பதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் இல்லாத முதல் ரஷ் வேறு ரகம் என்பதை ஹாக்கி பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். அதே பெய்யாட் நம் லீக்கில் ஹைதராபாத் அணிக்கு ஆடியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோல்கீப்பர் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இல்லை. அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் போன்ற அனுபவசாலியை முதல் சீசனிலேயே கொண்டுவந்த அணி இது. அந்த யோசனை சரியானது, தொடரட்டும்.

ஆக, மூன்றையும் எடை போட்டால் என் வரிசை இது. முதலில் டி-க்குள் புகும் கால்கள். அடுத்து கார்னர் தடுப்பு. அதற்கும் அடுத்துதான் ஃபிளிக்கர். ஃபிளிக்கரும் ஒரே வழியில் அடிக்காமல், அர்ஜென்டினாவுக்கு எதிராக நம் ஜூனியர்கள் செய்தது போல, கோல் வாயில் ஒருவர் நின்று தட்டிவிடும் வகைகளையும் கொண்டுவர வேண்டும். இதைச் சொன்னால் கார்னர் கட்சி நண்பர்கள் கோபிப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், நாம் போன சீசனில் எங்கே வெளியேறினோம்? ஷூட்-அவுட்டில். அங்கே 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, எட்டு நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்ற வேண்டும். டிராக் ஃபிளிக்குக்கு அங்கே வேலையே இல்லை. பந்தோடு ஓடத் தெரிந்தவன், இடதும் வலதும் உடம்பைச் சாய்த்து கீப்பரைப் படுக்க வைக்கத் தெரிந்தவன்தான் வேண்டும். அந்த ஐந்து பேர் யார் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து, எழும்பூர் டர்ஃபில் தினமும் பயிற்சி முடிந்ததும் அவர்களைத் தனியாக நிறுத்திப் பழக்கினால், இந்த முறை அரையிறுதி சமனில் முடிந்தாலும் நாம் பயப்பட வேண்டியிருக்காது.