கரிக்கோச்சிக்குப் புகை: மூன்று வருட அனுபவம்

அட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதிரி ரயில்பாதை அமைத்த ஆறடிப் பலகை ஒன்று மூன்று வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் மேல் ஒரு தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், நடுவில் பள்ளத்தாக்கு, கொட்டகலைக்குப் போகும் வழியில் இருக்கிற சிங்கமலைச் சுரங்கத்தைப் பார்த்துச் செய்த சுரங்க வாய், அதற்குள் போய்வர ஒரு கரிக்கோச்சி, அதாவது நீராவி ரயில். எல்லாம் 1:76 அளவு, நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால் என் தண்டவாளம் 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் இந்த அளவுக்கு ஆயத்தமாகக் கிடைப்பது 16.5 தான். சரி, அதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். புகை விஷயத்தில் மட்டும் மூட முடியவில்லை.

முதலில் வாங்கியது கோச்சியின் புகைபோக்கிக்குள் செருகும் எண்ணெய்க் குழாய். இதில் பெயர் பெற்றது ஜெர்மனியின் சொய்ட்டே. என்னிடம் இருப்பது அதே மாதிரியில் வரும் பெயரில்லாத ஒன்று. சின்ன உலோகக் குழாய்க்குள் தலைமுடி போன்ற சூடேற்றும் கம்பி. சுத்திகரித்த கனிம எண்ணெயில் சில துளி விட்டால் கம்பி அதை ஆவியாக்கும். வெளிக்காற்று பட்டதும் அந்த ஆவி நுண்துளிகளாகிப் புகை போலத் தெரியும். புகை என்று சொல்கிறோமே தவிர உள்ளே எதுவும் எரிவதில்லை.

நான் செய்த முதல் தவறு, குழாயை விளிம்பு வரை நிரப்பியது. எண்ணெய் கூடினால் புகை கூடும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. கம்பி எண்ணெயில் மூழ்கிவிட்டதால் புகை வரவில்லை. உள்ளே களகளவென்று கொதித்து, கொஞ்ச நேரத்தில் கறுப்புப் பூச்சுப் பூசிய கொதிகலன் மேல் எண்ணெயைத் துப்பியது. பக்கத்தில் நின்ற தங்கச்சி மகன், "மாமா, கோச்சிக்குச் சளி புடிச்சிருச்சு" என்றான். இப்போது ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்து துளி, அதற்கு மேல் இல்லை. அது தீரும் வரை நன்றாகவே புகைகிறது.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரண நேரோட்ட (DC) மின் கட்டுப்பாட்டில் ஓடும் கோச்சி என்றால், வேகத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தமும் குறைகிறது, கூடவே புகையும் செத்துப்போகிறது. நிஜக் கோச்சி அப்படியா? 44 அடிக்கு ஓரடி ஏறுகிற மலையகப் பாதையில் மெதுவாக, மூச்சு வாங்கி ஏறும்போதுதானே அது வானத்தையே மறைத்திருக்கும்? என் பலகையில் இறக்கத்தில் பறக்கும்போது குபுகுபுவென்று வருகிறது, ஏற்றத்தில் பீடி அளவுக்குத்தான். குறைந்த வோல்ட் குழாய் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஏற்றத்தில் அருமையாக இருந்தது; ஒரு நாள் முழு வேகத்தில் விட்டதும் கம்பி கருகிவிட்டது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அழுத்தம் இருக்கும் டிஜிட்டல் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும். என் சம்பளத்துக்கு அது அடுத்த வருடத்துக் கதை.

எண்ணெய்ப் படலம் தண்டவாளத்திலும் படியும். சக்கரம் வழுக்கும், மின்சாரம் சரியாக ஏறாது, கோச்சி ஏற்றத்தில் நின்று நின்று போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தே ஆக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அடைத்த அறைக்குள் ஓட்டினால் எனக்குத் தலை வலிக்கிறது.

அப்புறம் பள்ளத்தாக்குக்கு மூடுபனி. ஐந்து வோல்ட்டில் அதிர்ந்து தண்ணீரை நுண்துளிகளாகத் தெறிக்கவிடும் சிறிய மீயொலித் தகடும் அடியில் ஒரு பஞ்சுத் திரியும். முதல் நாள் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. குளிர்ந்த நீர்த்துளி என்பதால் மேலே எழாமல் வழிந்து இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அப்படியே படுத்துக்கொண்டது. விடிகாலையில் இங்கே கீழ்ப்பக்கத் தோட்டங்கள் தெரிகிற மாதிரியேதான். இதே காரணத்தால் புகைபோக்கிக்கு இது உதவாது. ஸ்டோரில் வைத்துப் பார்த்தேன், பால் பொங்கி வழிகிற மாதிரி இருந்தது.

ஆனால் நான் தேயிலைச் செடிகளைச் செய்திருந்தது காயவைத்த தேயிலைச் சக்கையால். தென்மேல் பருவமழை ஏற்கெனவே துணியையே காயவிடாத ஜூன் மாதம், அதற்கு மேல் தினமும் மாலையில் செயற்கைப் பனி வேறு. இரண்டு வாரத்தில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, சாயம் ஏற்றிய ஸ்பொஞ்சுத் துணுக்கை ஒட்டினேன். இப்போது விருந்தாளி வந்தால் மட்டும் இரண்டு நிமிடம் பனி. தண்ணீரும் குழாய்த் தண்ணீர் இல்லை; தகட்டின் நுண்துளைகள் அடைக்காமல் இருக்க, வாகன பெட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான். திரி காய்ந்துபோய்த் தகடு சும்மா அதிரவும் விடக்கூடாது.

ஸ்டோரின் புகைக்குக் கடைசியில் நிலைத்தது தலையணைக்குள் அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், ஈரத்தை உறிஞ்சித் தொங்கிவிடும். ஒரு பிடி எடுத்து, பத்திரிகை மேல் வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்குப் பிரியுங்கள். பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்பட்டு ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். மெல்லிய செப்புக் கம்பியில் தளர்வாகச் சுற்றி, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே லேசாக அடித்து, அடியில் மட்டும் அடுப்புக்கரித் தூளைத் தூரிகையால் தட்டினேன். கொழுந்து காயவைக்கும் அடுப்பில் ஈர விறகு போட்டதும் வரும் அழுக்குச் சாம்பல் நிறம் கிடைத்தது. உள்ளே செம்மஞ்சள் விளக்கு வைக்கிறவர்களும் உண்டு. ஸ்டோரா அது, எரிமலையா? ஒரு எச்சரிக்கை: இந்தப் பஞ்சைச் சூடான எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

லயத்திலும் இதே பஞ்சைத்தான் வைத்தேன், அழகாக ஒரு புகைபோக்கி கட்டி அதில் செருகி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம லயத்துல எங்கடா புகைபோக்கி இருந்துச்சு? தகரத்துக்கு இடுக்குலருந்துல புகை வரும்" என்றார். நான் வளர்ந்ததும் அதே லயத்தில்தான், எனக்குத் தோன்றவில்லை. புகைபோக்கியைப் பிடுங்கிவிட்டு, கூரைத் தகரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் விளிம்புகளில் நாலைந்து இழைகளை மட்டும் ஒட்டினேன். ஸ்டோர்ப் புகை சாய்ந்த பக்கமே இவையும் சாய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மலையில் இரண்டு காற்று அடிப்பது போலிருக்கும்.

கோச்சிக்கு மட்டும் பஞ்சு ஒத்துவரவில்லை. ஓடும்போது பின்னால் சாய்ந்த புகை சரிதான். ஸ்டேஷனில் நின்ற பிறகும் அப்படியே சாய்ந்திருந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே அதற்கு இன்னமும் எண்ணெய்க் குழாய்தான், அத்தனை தொல்லையோடும்.

அதை விடாமல் வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. கோச்சி சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். சத்தமும் தூரமாகிவிடும். அதற்குப் பிறகு சுரங்க வாயின் மேல் வளைவை ஒட்டிக்கொண்டு மிச்சப் புகை மெதுவாக வெளியே வரும். நான் திட்டமிட்டுச் செய்ததல்ல. சூடான புகை உள்ளே கூரையோடு தங்கி, தானாக வழிகிறது. மூன்று வருடத்தில் அந்த வளைவின் கற்களில் எண்ணெய்க் கறை கறுப்பாகப் படிந்திருக்கிறது. தண்டவாளத்தைத் துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் துணியை வைப்பதில்லை.