ஸ்டார்லைட்: ஒன்றரை வருடம் தமிழில் ஓட்டிப் பார்த்தபின்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள கமிஷன் கடைகளுக்காக நாங்கள் ஒரு கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். அதன் உதவிப் பக்கங்கள் முழுக்கத் தமிழில், ஒன்றரை வருடமாக ஸ்டார்லைட்டில் இருக்கின்றன. இணையதளம் கட்டுவதற்கான ஆஸ்ட்ரோ ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கும் குழுவே, இப்படிப்பட்ட உதவித் தளங்களுக்காக 2023இல் கொண்டுவந்த லைப்ரரி இது. மார்க்டவுன் கோப்புகளை (எளிய குறிகளோடு எழுதும் உரைக்கோப்புகள்) ஃபோல்டரில் போட்டால் பக்கப்பட்டி, தேடல், டார்க் மோட் எல்லாம் கூடவே வந்துவிடும். நிறுவும் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது.

முதல் நாள் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோது தலைப்புகள் நெருக்கியடித்து நின்றன. தலைப்புக்கு அதில் இயல்பாக உள்ள வரி உயரம், எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்தில் பு, சு, ழு கீழே இறங்கும். கீ, மீ மேலே சுழிக்கும். தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் ஒன்றோடொன்று உரசும். 1.5 ஆக்கியதும் சரியாகிவிட்டது. எழுத்துரு, வரி உயரம், நிறம், பக்கப்பட்டி அகலம் எல்லாமே சிஎஸ்எஸ் மாறிகளாக (தோற்றத்தை ஒரே இடத்தில் மாற்ற உதவும் பெயரிட்ட மதிப்புகள்) இருப்பதால் ஒரே சின்னக் கோப்பில் தீம் முழுவதும் அடங்கிவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எங்கள் தளத்திலேயே வைத்தோம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் பக்கப்பட்டியையும் அகலப்படுத்தினோம். நிறத்தை மட்டும் டார்க், லைட் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் நன்றாகத் தெரியும் பச்சை மற்றதில் மங்கிவிடும்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பக்கத்தின் மேலே வரும் தலைப்பட்டை பிடிக்காமல், அதை உருவாக்கும் காம்பொனென்ட்டையே (நிரல் துண்டையே) நகலெடுத்து மாற்றி எழுதினேன். அதற்கும் ஸ்டார்லைட் இடம் தருகிறது. ஆனால் பதிப்பு எண் இன்னும் 0.இல் தொடங்குவதால் சின்ன அப்டேட்டிலும் உள்ளமைப்பு மாறலாம். அப்படி ஒரு அப்டேட்டில் என் நகல் உடைந்தது. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அப்புறம் அதைத் தூக்கிவிட்டு, மாறிகளால் முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மொழி அமைப்பு. தமிழையே மூலமொழியாக வைக்கலாம்; முகவரியில் மொழிக்குறி ஒட்டாது. ஆங்கிலத்தில் இன்னும் எழுதாத பக்கத்தைத் திறந்தால், மொழிபெயர்ப்பு இல்லை என்ற குறிப்போடு தமிழ்ப் பக்கமே வரும். தமிழுக்கு முதலிடம் கொடுத்து ஒரு கையேட்டைத் தொடங்க இது எவ்வளவு பெரிய வசதி! பொத்தான்களில் வரும் சொற்களையும் ஒரு ஜேசன் கோப்பில் நம் பேச்சுக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம்.

தேடலுக்கு உள்ளே இருப்பது பேஜ்ஃபைண்ட். தளத்தைப் பில்ட் செய்யும்போதே, அதாவது வெளியிடும் பக்கங்களை உருவாக்கும்போதே, தேடல் அட்டவணை தயாராகிவிடும், தனி சர்வர் வேண்டாம். தேடும் சொல்லுக்குத் தேவையான துண்டு மட்டுமே இறங்குவதால், மார்க்கெட்டுக்குள் சிக்னல் குறைந்தாலும் போனில் வேலை செய்கிறது. எழுதும்போது நம் கணினியில் ஓட்டிப் பார்க்கும் டெவலப்மென்ட் சர்வரில் மட்டும் தேடல் ஓடாது. பில்ட் செய்துதான் பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் “தரகுத் தொகை”, “நிலுவை” என்று எழுதியிருந்தோம். கடைக்காரர்கள் தேடியது “கமிஷன்”, “பாக்கி”. பக்கத்தில் இல்லாத சொல்லை இந்தத் தேடல் கொண்டுவராது. தலைப்புகளை அவர்கள் சொல்லில் திருத்தி எழுதினோம். அதன்பின் இதைப் பற்றி எங்களுக்குப் போன் வருவது குறைந்துவிட்டது.