மட்டக்களப்பில் வாங்கிய வாயுப் பரிசோதனைப் பெட்டி: சுண்ணாம்பு நீர் மட்டும் ஏமாற்றிவிட்டது

மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். வாயுக்களை இனங்காணும் சோதனைகள் எல்லாம் பாடம், ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றாள், அது எனக்குப் பொறுக்கவில்லை. நகரில் ஒரு கடையில் 2,850 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கி, கல்லடியிலுள்ள வீட்டுக்கு வந்த அன்றிரவே குசினி மேசையில் விரித்துவிட்டோம்.

கண்ணாடிக் குழாய்கள் நல்ல தடிப்பு, இறப்பர் அடைப்பான்கள் இறுக்கமாக நிற்கின்றன. ஒட்சிசனுக்கு மங்கனீசீரொட்சைட்டு இருக்கிறது, ஐதரசன் பரவொட்சைட்டை மட்டும் பாமசியில் வாங்கிக்கொண்டோம். அதில் ஒரு சிட்டிகை போட்டதும் நுரைத்தது, தணலாக இருந்த ஊதுபத்தியைக் குழாய்க்குள் காட்டினால் குப்பென்று சுவாலை விட்டு எரிகிறது. மகள் ஆறு தடவை செய்து பார்த்தாள். ஐதரசனுக்கு மகனீசியம் நாடாவும் வினாகிரியும் போதும். வரும் வாயுவைச் சிறிய குழாயில் சேர்த்து, குழாயின் வாயருகே எரியும் குச்சியைக் காட்டினால் ‘பொப்’ என்ற சத்தம், காற்றும் கலந்திருப்பதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. வாயு வெளியேறும் நீண்ட குழாயின் நுனியில் மட்டும் நெருப்பு வைக்காதீர்கள், வாயு உண்டாகும் போத்தலே வெடிக்கும்.

இனிக் குறைகள். காபனீரொட்சைட்டை இனங்காணப் பெட்டியில் வந்த சுண்ணாம்பு நீரில் குழலால் எவ்வளவு ஊதியும் அது வெளுக்கவில்லை. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, மூடியும் இளகியிருந்தது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அதைக் கடையிலேயே முடித்துவிட்டது போல. அப்புறம் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்து, தண்ணீரில் கலக்கி, மூடி வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தோம். அப்பச்சோடாவில் தேசிக்காய்ப்புளி விட்டு வந்த வாயுவை அதற்குள் செலுத்தினால் பால் போல வெளுத்தது. நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தோம், “அப்பா, திரும்பத் தெளியுது!” என்று மகள் கத்தினாள். முதலில் வருவது கரையாத கல்சியம் காபனேற்று, வாயு கூடினால் அதுவே கரையும் இருகாபனேற்றாக மாறுகிறது. அதற்குப் பிறகு அதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூட வந்த தாளில் ‘எரியும் குச்சி அணைந்தால் காபனீரொட்சைட்டு’ என்று போட்டிருக்கிறார்கள், இது பிழை. நைதரசனிலும் அணையத்தானே செய்யும்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அமோனியாவுக்குச் சிவப்புப் பாசிச்சாயத்தாளை (லிட்மஸ் தாளை) ஈரமாக்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. உலர்ந்த தாளை வைத்துவிட்டு நிறம் மாறவில்லையே என்று நாங்களும் முழித்தோம், நனைத்ததும் நீலமானது. தாள் குழாயின் விளிம்பில் படவும் கூடாது, அமோனியாவை உண்டாக்கச் சேர்த்த சுண்ணாம்பு அங்கே ஒட்டியிருந்தால் அதுவே தாளை நீலமாக்கிவிடும்.

குளோரினுக்கு எதுவும் வைக்கவில்லை, அதற்காகக் கடைக்காரருக்கு நன்றி. ஈர நீலத் தாளைச் சிவப்பாக்கிப் பிறகு வெளிற்றும் என்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பார்க்கட்டும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளில் வீட்டில் யாரும் அமிலம் ஊற்றிப் பார்க்க வேண்டாம், அது நச்சு வாயு.

சரி, வாங்கலாமா? குழாய்களுக்காகவும் மகனீசியம் நாடாவுக்காகவும் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே சுண்ணாம்பு நீர்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கலங்கியிருந்தால் அதை வைத்துவிட்டு வேறு பெட்டி கேளுங்கள்.