பழைய பிரிண்டர், புதிய ரூட்டர்: அமைப்பை மாற்றுவதா, கேபிள் போடுவதா?

புதிய ரூட்டரை மாட்டிய மறுநாளே பழைய பிரிண்டரைப் பரணுக்கு அனுப்பிவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். அச்சடிக்கும் பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூப்படைந்தது உள்ளே இருக்கும் வைஃபை மட்டும். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுதான் தெரியும். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை அவற்றுக்குப் புரியாது.

முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். பிரிண்டர் அதில் இல்லையென்றால் சிக்கல் இணைப்பில். பட்டியலில் இருந்தும் அச்சாகவில்லையென்றால், ரூட்டரைக் குடைவதால் பயன் இல்லாமல் போகலாம். குற்றவாளி பெரும்பாலும் கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள்தான்.

இணைப்புச் சிக்கலுக்குச் செலவில்லாத வழி, ரூட்டரின் அமைப்பை மாற்றுவது. 2.4 அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுத்து, அதில் மட்டும் முந்தைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 அப்படியே இருக்கட்டும். இரண்டு முறைகளும் கலந்த ஏற்பாடு ஒன்றும் பல ரூட்டர்களில் இருக்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும் சில பழைய கருவிகள் அதிலேயே தடுமாறுகின்றன. அந்தத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் பழைய ரூட்டரில் இருந்தவையாகவே இருந்தால், பிரிண்டரைத் தொடாமலே அது வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும்.

இதற்கும் எல்லை உண்டு. டபிள்யூஈபி என்ற மிகப் பழைய பாதுகாப்பு முறை மட்டுமே தெரிந்த பிரிண்டருக்காக வீட்டு வைஃபை முழுவதையும் அந்த நிலைக்கு இறக்கக் கூடாது. அந்தப் பூட்டு 2001லேயே உடைபட்டுவிட்டது.

விருந்தினர் வலையமைப்பில் பிரிண்டரை ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் அங்கிருக்கும் கருவிகளை மற்றவற்றோடு பேசவிடாமல் பிரித்து வைப்பதுதான் அந்த வலையமைப்பின் வேலையே. பிரிண்டர் இணைந்திருக்கும்; உங்கள் கைப்பேசிக்குத் தெரியாது.

என் ஓட்டு கேபிளுக்கு. பிரிண்டரின் பின்புறம் ஈதர்நெட் துளை இருந்தால், ஒரு கம்பியில் அலைவரிசை, பாதுகாப்பு முறை, பெயர் என்ற மூன்று வழக்குகளும் தீர்ந்துவிடும். ரூட்டர் தொலைவில் இருக்கிறது என்பதே நியாயமான மறுப்பு. அப்போது பழைய ரூட்டரையே வேலைக்குக் கூப்பிடலாம்: கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியை மாற்றி, இரண்டு ரூட்டர்களின் லேன் துளைகளையும் நீண்ட கேபிளால் இணைத்தால், அது பிரிண்டருக்கு மட்டுமான வைஃபை நிலையமாகிவிடும். பழைய ரூட்டருக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருக்கலாம் என்பதால் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

டிரைவர் சிக்கலைக் கேபிள் தீர்க்காது. 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. ஐபோனிலிருந்து நேரடியாக அச்சடிக்க உதவும் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010இல்தான் வந்தது. அது இல்லாத பிரிண்டர் ஐபோனின் பட்டியலில் தானாகத் தோன்றாது. இங்கே கைகொடுப்பது ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினி. அதில் லினக்ஸும், அச்சு வேலைகளைக் கையாளும் கப்ஸ் மென்பொருளும் நிறுவி, பிரிண்டரை யூஎஸ்பியில் மாட்டினால், கைப்பேசிகளுக்கு அது ஏர்பிரிண்ட் பிரிண்டராகவே காட்சியளிக்கும். ஒரு மாலைப்பொழுது போகும், பொறுமையும் கொஞ்சம் போகும். வாங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: சில நிறுவனங்களின் லினக்ஸ் டிரைவர்கள் இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமே கிடைக்கின்றன, ராஸ்பெர்ரி பையில் இருப்பதோ ஆர்ம் செயலி. உங்கள் பிரிண்டர் அந்த ரகம் என்றால், மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியே அதற்குப் பொருத்தமான துணை.