கடல் ஓவியம்: நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா?

1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் போன்ற இடங்களுக்குக் கடற்கரைக் காட்சி வாங்கப் போகிறவர்கள் தயங்கி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

விலை: நீர்வண்ணம் பெரும்பாலும் மலிவு, கண்ணாடிச் சட்டத்துக்குத் தனிச் செலவு.
எண்ணெய் வண்ணம் கூடுதல், கண்ணாடி வேண்டாம்.

நீடித்து உழைப்பது: நீர்வண்ணம் தீட்டும் தாளுக்குக் கடற்காற்றின் ஈரமே எதிரி, பழுப்புப் புள்ளிகள் பூக்கும், வெயிலில் நிறம் வெளிறும்.
எண்ணெய் வண்ணம் தீட்டும் கான்வாஸ் துணி தாக்குப்பிடிக்கும்.

அழகு: நீர்வண்ணத்தில் அலை நுரை பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்ட வெள்ளைத் தாள்தான். அருகில் போய்ப் பாருங்கள். அதில் தெரியும் ஈரமணலின் பளபளப்பை எண்ணெய் வண்ணத்தில் நான் கண்டதில்லை.
எண்ணெயில் நுரை, ஓவியக் கத்தியால் அப்பிய வண்ணத்தின் தடிப்பு. பக்கவாட்டு ஒளியில் அதன் நிழல்கூட விழும்.

கடலோர வீட்டுக் கூடத்துக்கு எண்ணெய் வண்ணம். வெயில் படாத, உலர்ந்த அறை இருந்தால் தயங்காமல் நீர்வண்ணம் வாங்குங்கள்.